திறந்தே கிடக்கும் அமர்வுகள்



தமிழ்ப்பள்ளி முடித்து, பின்னாளில் கணினிப் பாதுகாப்புப் பயிலும் நம் சிம்பாங் அம்பாட் பிள்ளைகள் 'மெட்டாஸ்ப்ளாயிட்' பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். 2003இல் எச்.டி. மூர் தொடங்கிய இம்மென்பொருள், கணினியின் பாதுகாப்பு ஓட்டைகளைச் சோதித்தறிய உதவுவது. சோதனை வென்றால் அக்கணினியோடு ஓர் 'அமர்வு' திறக்கும். இங்கிருந்தே அதற்குக் கட்டளையிடலாம்.

ஒரே வேளையில் பல அமர்வுகள் திறந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 'பேக்கிரவுண்டு' என்று தட்டினால் அமர்வு திரைக்குப் பின்னே போகுமேயன்றி மூடாது. கண்ணில் படாததை முடிந்ததாக எண்ணுவது இளையோர் இயல்பு. 'செஷன்ஸ்' கட்டளை இட்டுப் பட்டியலைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதனுடன் சிறிய 'கே' எழுத்தையும் எண்ணையும் சேர்த்தால் அந்த ஒன்று மூடும். பெரிய 'கே' அனைத்தையும் மூடும்.

நுழைந்ததற்கு மதிப்பெண் தரும் பயிற்சிகள், முறையாக வெளியேறியதற்கும் தரவேண்டும் என்பேன். உரிமையாளர் தந்த இசைவு மாலை 5 மணியோடு முடிந்தால், ஐந்தரைக்கும் திறந்திருக்கும் அமர்வை என்னவென்பது? 1997இல் இயற்றப்பட்ட நம் கணினிக் குற்றச் சட்டம், இசைவற்ற நுழைவுக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதித்தது.

கணினி அறியாத பெற்றோரும் பிள்ளையிடம் கேட்கலாம்: யாருடைய கணினி? எழுத்தில் இசைவு உண்டா? எல்லாவற்றையும் மூடினாயா?