அறுந்த இழையும் ஓடும் தறியும்

ஜலகண்டாபுரத்துத் தெருவொன்றில் சற்றே நின்று பாருங்கள். ஓடும் தறியில் பாவின் ஓர் இழை அறுகிறது. நெசவாளி என்ன செய்கிறார்? தறியை நிறுத்துகிறார், அறுந்த முனைகளைத் தேடியெடுத்து முடிச்சிடுகிறார், அதன் பின்னரே ஓட்டுகிறார். "இன்று இவ்வளவு நெய்தாக வேண்டும், ஓர் இழை போனால் போகட்டும்" என்று ஓட்டினால் அத்துணியை எவர் வாங்குவார்?

அந்நெசவாளியின் பிள்ளை பயிலும் வகுப்பிலோ நிலைமை வேறு. ஆசிரியர் பாடத்தை முடித்து, "புரிந்ததா?" என வினவுகிறார். "புரிந்தது சார்!" என நாற்பது குரல்கள் முழங்குகின்றன. அம்முழக்கத்தினுள் எத்தனை இழைகள் அறுந்து கிடக்கின்றன என்பதை அறிந்தவர் யார்? மறுநாள் அடுத்த பாடம் ஓடுகிறது. பிள்ளை பழைய இடத்திலேயே நிற்கிறான். கை உயர்த்தும் நால்வரை மட்டும் கேட்டு மகிழ்வது கற்பித்தல் ஆகுமா?

"நாற்பது பிள்ளைகள்; முடிக்க வேண்டிய பாடமோ மலையளவு; ஒவ்வொருவரையும் சோதிக்க நேரமேது?" என்பர். சிலேட்டு இருக்கிறதே! வினாவைச் சொல்லி, சிந்திக்க விட்டு, அனைவரையும் விடையெழுதி ஒருசேர உயர்த்தச் சொன்னால், சில நிமிடங்களில் நாற்பது விடைகளும் ஆசிரியர் கண்முன் நிற்கும். தவறியவனை ஏளனம் செய்யாது, தவறு பிறந்த இடத்தைக் கண்டு திருத்தலாம். தெளிந்த பிள்ளையைத் தெளியாத பிள்ளையின் அருகே அமர்த்தலாம்.

இது நமக்குப் புதியதன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற சிறுவரைக் கொண்டே மற்றவர்க்குக் கற்பித்தார். 1797-இல் அவர் இலண்டனில் நூல் வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. நம் ஓதும் பள்ளியை எண்ணுங்கள். நேற்றைய சபக்கை உஸ்தாதிடம் ஒப்புவித்தாலன்றி இன்றைய சபக் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியரின் செவி தனித்தனியே கிடைக்கும் ஏற்பாடு அது!

அரசும் வாளாவிருக்கவில்லை. 2007-இல் செயல்வழிக் கற்றலை அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் கொணர்ந்தது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்தது. நோக்கம் நன்றே. ஆனால், ஏட்டில் அரும்பென எழுதியதோடு கடமை முடிந்ததா? அவ்வரும்பு மொட்டாகும் வழியை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியரன்றி வேறு யார்?

பெற்றோரே! குற்றம் நம்மீதும் உண்டு. சந்தடியற்ற வகுப்பை நல்ல வகுப்பென்றும், நிரம்பிய நோட்டை நல்ல படிப்பென்றும் நம்பி ஏமாறுகிறோம். மாலையில் "எத்தனை மார்க்?" என்பதோடு நில்லாமல், "இன்று எதை எழுதிக் காட்டினாய்? எங்கே தவறினாய்? யார் திருத்தினார்?" என்று கேளுங்கள். விடையில்லையேல், பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பில் அறுந்த இழையை எவரும் முடியாவிட்டால், எட்டாம் வகுப்பில் பிள்ளை படிப்பையே உதறிவிட்டுத் தறிக்கு வருவான். தறித்தொழில் இழிவன்று, வேறு வழியின்றி அதற்குத் தள்ளப்படுவதே கொடுமை. நூலிழைக்குக் காட்டும் கவனத்தை நம் பிள்ளைக்கும் காட்ட வேண்டாமா?