வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்

மதுரை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் படிப்போரில் பெரும்பாலோர் அன்றாட வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள். நகரத்தில் சுமைப்பணி, கட்டட வேலை, வீட்டு வேலை, துப்புரவுப் பணி. கிராமத்தில் வயல் வேலை, நூறு நாள் வேலை, விடியும் முன்பே தொடங்கும் மல்லிகைப் பூப்பறிப்பு. காலையில் பிள்ளையைக் கிளப்பி அனுப்பவோ, மாலையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கவோ பல வீடுகளில் ஆள் இருப்பதில்லை. இந்தப் பள்ளிகளின் கற்றல் நிலையை இந்தச் சூழலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

வீட்டு நிலை படிப்பைப் பாதிக்கும் என்பதைத் தமிழக அரசே ஏற்றுச் செயல்பட்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகள் பயன்பெற்றனர். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியது. பசியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதன் பலன் இது. கற்பித்தலிலும் அதே அக்கறை காட்டப்பட வேண்டும்.

படிப்பில் இடைவெளி முதல் வகுப்புக்கு முன்பே விழுந்துவிடுகிறது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என இரண்டு ஆண்டுகள் எழுத்தும் எண்ணும் பழகிவிட்டு முதல் வகுப்புக்கு வருகிறார்கள். அரசுத் தரப்பில் 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில்தான் இவ்வகுப்புகள் தொடங்கப்பட்டன. மாநிலத்தின் தேவைக்கு இது மிகச் சிறிய பங்கு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கும், இணையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ்களைத் திரட்ட முடிந்த ஏழைப் பெற்றோரே முந்திக்கொள்கிறார்கள். அதற்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளை அரசுப் பள்ளியே ஏற்றுக்கொள்கிறது. பின்தங்கித் தொடங்கியவர்களையும் முந்தித் தொடங்கியவர்களையும் ஒரே தேர்வில் ஒப்பிட்டுப் பள்ளிக்கு மதிப்பிடுவது நியாயமாகாது.

வீட்டுச் சூழலைப் பாராமல் பள்ளியை மதிப்பிடுவதற்குப் பிரதம் தொண்டு அமைப்பின் ஏசர் கற்றல் ஆய்வு பேசப்பட்ட விதமே சான்று. தமிழகக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம். அரசுப் பள்ளியைப் பழிக்க இந்த எண் பல மேடைகளில் பயன்பட்டது. ஆனால் 2022இல் மூன்றாம் வகுப்பிலிருந்த பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர வேண்டிய 2020-21 கல்வியாண்டு முழுவதும் கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் மூடிக்கிடந்தன. 2021 நவம்பர் 1 அன்று அவை திறந்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்பின் பாதியில் இருந்தார்கள். வீட்டில் கைப்பேசியும் கற்றுத்தர ஆளும் இல்லாதவர்களே அதிகம் இழந்தார்கள். 2024ஆம் ஆண்டு ஆய்வில் வாசிப்பு மீண்டு 10 சதவீதத்தைத் தாண்டியது. ஆனாலும் மூன்றாம் வகுப்பில் பெரும்பாலோர் இன்னும் தடையின்றி வாசிக்கவில்லை என்பது எவரும் ஆறுதல் கொள்ளத்தக்க நிலையன்று.

முன்னேற்றத்தை அளக்கும் கருவி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பார்க்கிறது. ஒரு பிள்ளை ஜூனில் எந்த நிலையில் இருந்தது, ஏப்ரலில் எங்கே வந்திருக்கிறது என்பதே பள்ளியின் உழைப்பைச் சொல்லும். ஆனால் மூன்று நிலைப் பிள்ளைகளுக்கும் தனித்தனியே கற்பிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரம்தான் ஈராசிரியர் பள்ளிகளில் இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4 என்கிறது. 120 பிள்ளைகளைத் தாண்டினால்தான் ஐந்து வகுப்புகளுக்கு ஐந்து ஆசிரியர் கிடைப்பார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் மூன்று வகுப்புகளையும் மற்றவர் இரண்டு வகுப்புகளையும் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரே தலைமையாசிரியர். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதும் காலை உணவு, சத்துணவுக் கண்காணிப்பும் அவர் தலையில். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவரிடம் ஐந்து வகுப்புகளும் சேர்கின்றன. இதைப் பார்க்கும் பெற்றோர் கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது, குறைந்ததைக் காட்டி ஆசிரியர் பணியிடமும் போகிறது.

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை இணைத்துவிடலாம் என்பது சிலர் சொல்லும் தீர்வு. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்ற விதி, துணைக்கு ஆளில்லாத சிறு பிள்ளைக்காகவே வந்தது. தொலைவு கூடினால் முதலில் பள்ளியை விட்டு நிற்பது கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைதான். வீட்டுச் சூழலைக் கணக்கில் எடுத்தால், வறுமையைச் சொல்லிப் பள்ளிகள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் என்பது இன்னொரு வாதம். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் தொடக்க நிலையையும் ஆண்டிறுதி நிலையையும் பதிந்து, முன்னேற்றம் காட்டாத பள்ளியைக் கேள்வி கேட்க வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்ற எண்ணத்துக்கு இடம் தரக்கூடாது.

சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவே. மாநில அரசு அதற்கு மேல் செல்லத் தடையில்லை. முதல் கட்டமாக, இருபது பிள்ளைகளுக்கு மேல் உள்ள எந்தத் தொடக்கப் பள்ளியிலும் மூன்று ஆசிரியருக்குக் குறையக் கூடாது. முதல் வகுப்புக்குத் தனி ஆசிரியர் கட்டாயமாக வேண்டும். அடுத்த கட்டத்தில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பதே நியதியாக வேண்டும். பதிவேற்றப் பணிகளை ஆசிரியரிடமிருந்து விலக்க வேண்டும். மதுரை வட்டாரத்தில் மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளோடு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் வெவ்வேறு நிர்வாகத்தில் இயங்குகின்றன. எந்த நிர்வாகமானாலும் இந்த அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். காலை உணவுக்கு நிதி ஒதுக்கிய அரசு ஆசிரியர் நியமனத்துக்கும் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே நிதி ஒதுக்க வேண்டும்.