நாராயணன் எழுதிய கடிதங்கள் எங்கே?

குடியரசுத் தலைவர் பதவியில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பின் தங்கள் நினைவுகளைப் பதிவு செய்வது நம் நாட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆர்.வெங்கட்ராமன் தமது பதவிக்கால நினைவுகளை 1994இல் நூலாக்கினார். பிரணாப் முகர்ஜி பல தொகுதிகள் எழுதினார். இறுதித் தொகுதி அவரது மறைவுக்குப் பின் 2021 ஜனவரியில் வெளிவந்தது. இந்த நூல்களின் பக்கங்கள் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்து, 2005ஆம் ஆண்டில் கே.ஆர்.நாராயணன் ‘மானவ சம்ஸ்கிருதி’ என்ற மலையாள இதழுக்கு அளித்த ஒரே ஒரு நேர்காணலை மறுதட்டில் வைத்தால், கனம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த நேர்காணலில் அவர் பேசியது 2002ஆம் ஆண்டு குஜராத் பற்றி. வன்முறை நடந்துகொண்டிருந்த நாட்களில் பிரதமர் வாஜ்பாய்க்குத் தாம் கடிதங்கள் எழுதியதாகவும், நேரிலும் பேசியதாகவும், இராணுவத்தை அனுப்பி வன்முறையை அடக்குமாறு கேட்டதாகவும் அவர் கூறினார். இராணுவம் சென்றது, ஆனால் வன்முறையாளர்கள் மீது சுடும் அதிகாரம் அதற்கு அளிக்கப்படவில்லை, அளித்திருந்தால் கொலைகள் தொடர்ந்திருக்காது என்பது அவரது கருத்து. இதன் பின்னால் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சம்பந்தப்பட்ட ஒரு சதி இருந்ததாகத் தாம் கருதுவதாகவும் அவர் சொன்னார். முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற அரசியல் சட்டப் பொறுப்பை அந்த நாட்களில் வகித்தவர் இப்படிச் சொன்னார். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

நாராயணன் நம் இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஒட்டப்பாலம் தொகுதியில் மூன்று முறையும் இடதுசாரி வேட்பாளர்களைத் தோற்கடித்தே அவர் மக்களவைக்குச் சென்றார். எனினும் அவர் அந்தப் பதவியை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது நமக்கு முக்கியமானது. 1998ஆம் ஆண்டு சுதந்திர தினத்திற்கு முந்தைய நாள், வழக்கமான உரைக்குப் பதிலாக அவர் பத்திரிகையாளர் என்.ராமுடன் உரையாடினார், அந்த உரையாடல் நாடு முழுவதும் ஒளிபரப்பானது. குடியரசுத் தலைவர் என்பவர் ரப்பர் முத்திரை அல்லர், நிர்வாகம் நடத்துபவரும் அல்லர், அரசியல் சட்டத்தின் நான்கு எல்லைகளுக்குள் நின்று வேலை செய்பவர் என்ற பொருளில் அவர் பேசினார். இது வெறும் பேச்சு அன்று. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்குமாறு குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது, மறுபரிசீலனை செய்யுமாறு அதைத் திருப்பி அனுப்பினார். 1998 செப்டம்பரில் பீகார் அரசைக் கலைக்குமாறு வாஜ்பாய் அமைச்சரவை கேட்டபோதும் அதையே செய்தார். முதலாவது கலைப்பு பாஜக அரசுக்கு எதிரானது, இரண்டாவது பாஜக அரசு கேட்டது, அளவுகோல் மாறவில்லை.

மற்றவர்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். 1991 ஜனவரியில் தமிழ்நாட்டில் திமுக ஆட்சியைக் கலைப்பதற்கு அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்தார். ஆளுநர் அறிக்கை இல்லாமலேயே வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். 2016 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்திற்கும் மார்ச் மாதத்தில் உத்தரகண்டிற்கும் பிரணாப் கையெழுத்திட்டார். பின்னர் இரு மாநிலங்களிலும் அகற்றப்பட்ட அரசுகள் நீதிமன்றங்களின் தலையீட்டால் மீண்டும் பதவிக்கு வந்தன. பணமதிப்பு நீக்கம் பற்றி முன்கூட்டித் தம்மிடம் பிரதமர் பேசவில்லை என்று பிரணாப் தம் நூலில் எழுதியிருக்கிறார். படிக்கச் சுவையான தகவல்தான். ஆனால் குடியரசுத் தலைவர் தாம் கையெழுத்திட்டவற்றைப் பற்றி என்ன நினைத்தார் என்பதே வாசகருக்கு அதிகம் தேவை.

குஜராத்துக்கு வருவோம். நாடாளுமன்றத்தில் 2005ஆம் ஆண்டு தரப்பட்ட கணக்கின்படி 790 முஸ்லிம்களும் 254 இந்துக்களும் கொல்லப்பட்டனர். உச்சநீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு, மாநில அரசின் தலைமையில் இருந்தவர்கள் மீது வழக்குத் தொடுக்க ஆதாரமில்லை என்றது. 2022 ஜூன் 24 அன்று உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டப்படி நிலைமை இதுதான். அதனாலேயே நாராயணனின் கூற்று மதிப்பிழந்துவிடுமா? படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி அகமதாபாத் சென்ற ஜெனரல் சமீர் உத்தின் ஷா, வாகனங்கள் கிடைக்காமல் வீரர்கள் விமானதளத்தில் ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க நேர்ந்ததாக 2018இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். பதவியாலும் ஊராலும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இருவர், இராணுவம் இருந்தும் பயன்படுத்தப்படவில்லை என்ற ஒரே செய்தியைச் சொல்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. குடியரசுத் தலைவரின் கடிதங்களைப் படிக்க வேண்டும்.

அந்தக் கடிதங்களை நானாவதி ஆணையம் கேட்டது. மத்திய அரசு சாட்சியச் சட்டத்தின் 123, 124ஆவது பிரிவுகளையும் அரசியல் சட்டத்தின் 74(2)ஆவது பிரிவையும் காட்டி, தனக்குச் சிறப்புரிமை உண்டு என மறுத்தது. அப்போது ஆட்சியில் இருந்தது பாஜக அன்று, ஐக்கிய முற்போக்குக் கூட்டணி. அது இடதுசாரிகள் வெளியிலிருந்து தந்த ஆதரவில் நின்ற அரசு என்பதையும் தோழர்கள் மறக்க வேண்டியதில்லை. 2005 நவம்பரில் ஒரு குடிமகன், 2002 பிப்ரவரி 28 முதல் மார்ச் 15 வரையிலான கடிதப் போக்குவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். கடிதங்களைத் தன் பார்வைக்கு வைக்குமாறு மத்தியத் தகவல் ஆணையம் 2006இல் உத்தரவிட்டது. அந்த உத்தரவை எதிர்த்து அரசு நீதிமன்றம் சென்றது. 2012 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம், இக்கடிதப் பரிமாற்றம் 74(2)இன் பாதுகாப்புக்குள் வருகிறது என்று கூறி உத்தரவை ரத்து செய்தது.

தீர்ப்புக்கு மரியாதை தந்தே ஒரு கேள்வியை எழுப்பலாம். 74(2) சொல்வது என்ன? அமைச்சர்கள் குடியரசுத் தலைவருக்கு ஏதேனும் ஆலோசனை கூறினரா, கூறினால் அது என்ன என்பதை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்பதே. இங்கே ஆலோசனையின் திசை வேறு. குடியரசுத் தலைவர் பிரதமருக்கு எழுதுகிறார்: மக்கள் கொல்லப்படுகிறார்கள், படையை அனுப்புங்கள் என்கிறார். அமைச்சரவையின் ஆலோசனைக்குத் தரப்பட்ட திரையைக் கொண்டு, அமைச்சரவை கேட்க மறுத்த ஆலோசனையை மூடுவது எப்படி நியாயமாகும்?

உயர்நீதிமன்றத் தீர்ப்பின்போது இல்லாத ஒரு நிலைமை இப்போது உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3)ஆவது பிரிவின்படி, இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு குறித்த தகவல்களுக்கு, அதே சட்டத்தின் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது. நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணம் ஆகிய மூன்று விலக்குகளே எஞ்சும். 2002 மார்ச் மாதத்திற்கு இருபது ஆண்டுகள் 2022இலேயே நிறைந்துவிட்டன. அகமதாபாத் தெருக்களில் கொலைகளை நிறுத்தக் கேட்ட ஒரு கடிதம் வெளியானால் எந்த நாட்டின் பாதுகாப்பு குலையும் என்பதை மறுக்கும் அதிகாரி எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும். 74(2) மீண்டும் வரும் என்பதும் உறுதி. அதை உச்சநீதிமன்றம் வரை கொண்டுசென்று, திரை யாருடைய சொல்லுக்கு என்று கேட்கலாம். அந்த விண்ணப்பத்தை நம் வெகுஜன அமைப்புகளின் வழக்கறிஞர்கள் இந்த ஆண்டே தாக்கல் செய்ய வேண்டும்.