வெட்டிய கிளைக்கு வழி வேண்டும்: திருச்சி, திருவரங்கம் மக்களின் கோரிக்கைச் சாசனம்

மின்கம்பியில் உரசுகிறதென்று கழித்த வேப்பங்கிளை, தோப்பில் விழும் தென்னை மட்டை, பாளை, நந்தவனத்தில் கவாத்து செய்த அரளி. வாசலுக்கு வரும் குப்பை வண்டியில் இவற்றுக்கு இடமில்லை. கொள்ளிடக் கரையிலோ வாய்க்காலிலோ போய் விழுகின்றன; இல்லையேல் காலி மனையில் எரிகின்றன. அரளியின் புகையே நஞ்சு.

தோட்டக்கழிவைத் தனியே சேர்த்துவைத்து உள்ளாட்சி சொல்லும் வழியில் அகற்ற வேண்டும், கொளுத்தக் கூடாது என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தடையை ஏற்கிறோம். கொண்டுபோய்ப் போட இடம் காட்டுங்கள்.

மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களிலும் கிளைகளுக்கென ஒரு திடலும், அவற்றைத் தூளாக்கும் இயந்திரமும் வேண்டும். அரியமங்கலம் குப்பைக் கிடங்குக்கு ஒரு சுள்ளிகூடப் போகக் கூடாது. அங்கே மூண்ட தீயின் புகையைச் சுற்றுவட்டார மக்கள் சுவாசித்தது போதும்.

மரம் கழிக்க ஒப்பந்தம் விடும்போதே அகற்றும் கூலியையும் சேருங்கள். வெட்டியவர் அன்றே அள்ள வேண்டும்.

தென்னையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். எரிக்காமல் குவித்துப் போட்டாலும் கேடுதான். மக்கும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வண்டு குருத்தைக் குடைந்த மரத்தில், பின்னால் விரியும் மட்டை கத்தரியால் நறுக்கியதுபோல் நிற்கும். பட்ட மரத்தையும் அடிக்கட்டையையும் தோப்பிலிருந்து அப்புறப்படுத்த உதவி வேண்டும். மட்டை தூளாக்கும் கருவி, சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வேளாண் பொறியியல் துறையிடம் கிடைக்க வேண்டும். தூளைச் சாணக்கரைசல் தெளித்து மக்கவைப்பதையும், எருக்குழிப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை இடுவதையும் அதிகாரிகள் தோப்புக்கே வந்து செய்துகாட்ட வேண்டும்.

இயந்திரத்தில் நிற்கப்போவது தூய்மைப் பணியாளர்கள். பயிற்சி, கண்ணாடி, காலணி, காதுக்கவசம் இல்லாமல் ஒருவரையும் அதன் அருகே அனுப்பாதீர்கள். ஆணியும் கம்பியும் நைலான் கயிறும் நீக்கிய பிறகே கிளை உள்ளே போக வேண்டும். சீமைக்கருவேல முள்ளைக் கையால் அள்ளச் சொல்லக் கூடாது.

கிடைக்கும் தூள் பூங்கா மரங்களுக்கு மூடாக்காகட்டும். மிச்சத்தை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுங்கள்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்கு முன் உய்யக்கொண்டான் வாய்க்காலின் மதகுகளில் சிக்கிய கிளைகளை எடுத்துவிட வேண்டும். முதல் திடல் திருவரங்கத்தில், அடுத்த போகிக்கு முன் திறக்கப்பட வேண்டும்.