'ம்ம்ம்...' மிஸ்டர் மின்சாரம்!

போடி மலையடிவாரத் திருவிழாக் கச்சேரிகளில், பாடகருக்கு முந்தியே பாட ஆரம்பிப்பது பேஸ் கிடாரின் 'ம்ம்ம்...'தான்! நம்மூர் கரண்ட்டுக்கு விநாடிக்கு 50 துடிப்பு. பேஸின் தடித்த கம்பி அதிர்வது சுமார் 41. பக்கத்து வீட்டுக்காரர்கள்! இரைச்சலை வடிகட்டினால் இசையும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் ஃபெண்டர் கம்பெனி 1957-ல் காயிலை இரண்டாக்கி, எதிரெதிராக இணைத்தது. இரைச்சல் தனக்குள் அடித்துக்கொண்டு சாகும், இசை பிழைக்கும்.

பழைய ஒற்றைக் காயில் கிடாரா? சீரியல் லைட்டை விட்டுத் தள்ளி நின்று, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள், குறையும். ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் எல்லாம் ஒரே பிளக் போர்டில் இருக்கட்டும்.

எர்த் பின்னைப் பிடுங்கும் குறுக்குவழி மட்டும் வேண்டவே வேண்டாம், ஸார்! 1972-ல் ஸ்வான்சீ மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரை விட்டார் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி. ஏலமலைச் சாரலில் நனைந்த மேடை என்றால் கேட்கவே வேண்டாம்.

'ம்ம்ம்' கேட்கலாம், 'ஐயோ' கேட்கக் கூடாது!