அளவுகோலை வைத்துவிட்டு நூலை எடுங்கள்

2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, இடையில் எங்கும் இறங்காமல் பெங்களூர் வந்து சேர்ந்தது. ஓட்டி வந்த விமானிகள் அனைவரும் பெண்கள்; தலைமை விமானி சோயா அகர்வால். அவர்கள் வட துருவப் பகுதியின் மேலாக வந்தார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது, திருவொற்றியூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தார். "பசிபிக் கடல் மேலே நேராக வரலாமே சார், ஏன் வடக்கே சுற்ற வேண்டும்?" என்றார்.

பிழை அவருடையது அன்று. உருண்டையைத் தட்டையாக விரித்த படம் அது. அதில் நேர்கோடு குறுக்குவழி ஆகாது. உலக உருண்டையில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே துருவத்தின் அருகே போய் நிற்கும். இதுவே பெருவட்டப் பாதை. பூமியின் மையத்தில் அது ஏறத்தாழ 126 பாகைக் கோணத்தை அமைக்கிறது. நம் துறைமுகத்துக் கப்பல்காரர்களின் கணக்குப்படி ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், சுமார் 14,000 கி.மீ. வரும். மெர்க்கேட்டர் படத்தில் அளவுகோல் காட்டும் வழியோ 16,000 கி.மீ.க்கும் மேல்!

சரி, தூரம் குறைந்தால் நேரமும் குறையுமா? அதுவும் நிச்சயமில்லை. டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாகச் சென்றது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது; சுமார் 15,300 கி.மீ. ஆயினும் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. முன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மணி மிச்சம்! பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதே காரணம்.

பூமி சுழல்வதால்தான் இந்த வேறுபாடு என்று பட்டம் பெற்றவர்கள்கூடச் சொல்கிறார்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அப்படி இல்லையென்றால், எண்ணூருக்கு மேலே ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற ஹெலிகாப்டர், கீழே இறங்கும்போது அரபிக்கடலில் அல்லவா விழ வேண்டும்?

காசிமேட்டுப் படகுக்காரரிடம் தூரம் கேளுங்கள். "இத்தனை மணி ஓட்டம்" என்பார். அதையும் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் சொல்வார். நம் தேர்வுத் தாளிலோ தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதும், காற்றுக்கு அங்கே இடமே இல்லை. இந்தக் கணக்குகளைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. பல பள்ளிகளில் உலக உருண்டை பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. அது உடையக்கூடாதாம்! ஆண்டுக்கொன்று உடைந்தாலும் எனக்குக் கவலையில்லை. மாணவர் கைக்கு அது வரவேண்டும்.

உங்கள் ஆசிரியரிடம் கேட்டு அதை இறக்குங்கள். சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே நூலைப் பிடியுங்கள். போரும் தடையும் காரணமாக விமானம் சில வேளை விலகிப் போகலாம். நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது காஸ்பியன் கடலின் தென்பகுதியைக் கடக்கும். பிறகு சுவர்ப்படத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள், அது பாரசீக வளைகுடா வழியாகப் போகச் சொல்லும்.