டயாலிசிஸ் முடிந்து திரும்பியவரைத் தூங்க விடலாமா?

முதியோர் இல்லத்தில் தங்கி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வாரத்தில் 2 அல்லது 3 நாள் இதே கதைதான். காலையில் வேன், சுமார் 4 மணி நேரம் மெஷின், மதியம் திரும்பியதும் கட்டில். ‘பாவம், களைப்பா இருப்பாரு, தூங்கட்டும்’ என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அக்கறைதான். ஆனால், கவனிக்க வேண்டிய நேரமே அதுதான்.

ஒரே அமர்வில் உடலிலிருந்து 2 லிட்டர் நீரோ, அதற்கும் மேலோ எடுத்திருப்பார்கள். படுத்திருக்கும்போது சரியாக இருக்கும் ரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் சட்டென்று இறங்கிவிடலாம். தலைசுற்றி பாத்ரூம் வாசலில் விழுந்தால், அந்த வயதில் இடுப்பெலும்பு தாங்காது. அதனால் படுத்த நிலையில் ஒருமுறை, நின்ற நிலையில் ஒருமுறை பிபி பார்க்க வேண்டும். துணையில்லாமல் நடக்க விடக்கூடாது. பிபி மாத்திரையை டயாலிசிஸ் நாளில் எப்போது கொடுப்பது என்பதை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி வைப்பது நல்லது.

ஃபிஸ்டுலா இருக்கும் கையில் மட்டும் பிபி பார்க்கவே கூடாது. அந்த இடத்தில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். தெரியவில்லையென்றால் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்ய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் பெரும்பாலும் ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள் என்பதால், ஊசி போட்ட இடத்தில் மறுபடி கசியலாம். கை போர்வைக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும்? கசிந்தால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பீய்ச்சினால், அழுத்தியபடியே 108-ஐ அழைக்க வேண்டும்.

கழுத்தில் குழாய் வைத்திருப்பவருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைப்பது பெரிய தவறு. ரத்தத்தில் தொற்று பரவியிருக்கலாம்.

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் முதியோரைப் பராமரிக்கும் இல்லம். நம்மூர் குட்டி ஆஸ்பத்திரி அல்ல. டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் அங்கிருப்பவரைப் பரிசோதிப்பதும், சென்டருடன் தொடர்பில் இருப்பதும் இல்லத்தின் பொறுப்பு என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. இங்கே ‘அவங்க பார்த்திருப்பாங்க’ என்று சென்டரும் இல்லமும் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டிருந்தால், நடுவில் மாட்டிக்கொள்பவர் பெரியவர்தான்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். எடை, கடைசி பிபி, கொடுத்த மருந்து ஆகியவற்றை சென்டரில் எழுதி அனுப்பட்டும். திரும்பியதும் பார்த்த பிபி, கையின் அதிர்வு, சாப்பிட்டாரா என்பதை இல்லத்தில் எழுதட்டும். வெளியூரிலிருந்து போன் செய்யும் மகனோ மகளோ, ‘அப்பா டயாலிசிஸ் போயிட்டு வந்தாரா?’ என்பதோடு நிறுத்தாமல், அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.